பாதிப் பாத்தியதை

சாந்திநகர் வீடு தம்பிக்கு.
இரண்டு சங்கிலியும் தையல் மிஷினும் எனக்கு.
பத்திரத்தில் ஏறாத பதினேழு நிமிடம் மட்டும்
இருவருக்கும் பொது,
பங்காளிக் கிணறு மாதிரி.
ஒருவர் இறைத்தால்
மற்றவர் கயிறும் நனையும்.

அப்பா ஞானதிரவியம் விட்டுப்போனது அது.
கண்ணை மூடி, மூச்சை உள்ளே இழுத்து நிறுத்தினால்
பதினேழு நிமிடம் பின்னால் போய் நிற்கலாம்.
அதற்குமேல் ஒரு நொடி கிடையாது.
ஊருக்கு ஒன்றும் தெரியாது.
இதே நிமிடத்தில் முன்பே இருந்தோம் என்று
ரத்தம் மட்டும் அறியும்.

அவர் அதைப் பெரும்பாலும்
செங்கோட்டை பாசஞ்சரைப் பிடிக்கச் செலவழித்தார்.
தம்பி ஜெபசிங், கிரிக்கெட்டுக்கு.
நான், சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க.
வாங்கிய சொற்கள் அடுத்த வாரம்
வேறு வாசல் வழியாக வெளியே வந்தன.

இன்று காலை ஆறு ஐந்து.
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு.
பதினொன்றாம் கட்டில் மூக்காண்டிக்கு
வெறும் வயிற்று ரத்தம் எடுக்கிறேன்.
நரம்பு வழுக்குகிறது.
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார்.
அடுத்தடுத்த கட்டில்கள் முடித்து
கடைசி ட்யூபில் பெயர் எழுதும்போது
மறுபடி ஆறு ஐந்து.
மறுபடி அவர் கை.
ஊசி படாத தோல்.

இந்நேரத்தில் எந்த நாட்டில் மேட்ச் என்று
தம்பியை மனதுக்குள் வைதேன்.

மூன்றாம் முறை இடது கையில் குத்தினேன், சுலபம்.
நான்காம் முறை போன் போட்டேன், எடுக்கவில்லை.
ஐந்தாவதில், வள்ளியூரில் மகளுக்கு
நிச்சயம் முடிந்திருக்கிறது என்றார் மூக்காண்டி.
ஆறாவதில் மாப்பிள்ளையின் வேலையை
நானே முந்திக்கொண்டு விசாரிக்க,
"நீங்க எங்க பக்கமா?" என்றார்.
எட்டுக்குள் நல்ல பழக்கமாகிவிட்டோம்.
அவருக்குத்தான் அது தெரியாது.

டீக்காரப் பையன் ஆறு இருபத்துமூன்றுக்கு வருவான்.
அவன் கேன் படியில் மோதும் சத்தம் கேட்கும்,
ஏறும்,
வாசலுக்கு வராது.

முன்பும் இப்படி ஒரு பகல் இருந்தது.
எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஆறு.
சித்தி வீட்டு வாழைமரத்தடியில்
ஒரே பனங்கிழங்கை உரித்தோம், தின்றோம்,
உரித்தோம், தின்றோம்.
நார் பல்லில் சிக்கும்போதே
கிழங்கு முழுசாகக் கைக்குத் திரும்பிவிடும்.
பதினாலு தடவை.
சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது.
அப்பா அப்போது அம்மாவோடு
இதே ஆஸ்பத்திரியில் இருந்தார்.
பதினைந்தாவது கிழங்கு வரவில்லை.

பத்தாம் முறை நான் பேசவே இல்லை.
மூக்காண்டியின் இடது கையைப் பிடித்து
அவர் முகம் திருப்பும்வரை பொறுத்திருந்தேன்.

ஆறு இருபத்திரண்டு.
இருபத்துமூன்று.
கேன் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது.
"அக்கா, டீ" என்ற பையனை
கப்பல் ஏறிப் போனவன் திரும்பியதுபோலப் பார்த்தேன்.

போன் அடித்தது.

"மூன்றடைப்புப் பக்கம் நிக்கேன்க்கா.
களக்காட்டுத் தார் ஏத்திக்கிட்டு
நயினார்குளம் மார்க்கெட்டுக்கு வந்தேன்.
பைக்குல ஒருத்தரு.
ஆரன் அடிச்சேன். வண்டிய குறுக்க போட்டேன்.
முன்னாலயே எறங்கிப் போயி கைகாட்டுனேன்.
ஒம்போது தடவையும் எப்படியாவது
அந்த லாரிகிட்டயே போயிருதாரு."

தம்பிக்குப் பின்னால் நாரைகள் கத்தின.
அங்கே குளம் இருக்கிறது, எனக்குத் தெரியும்.

"பத்தாவது தடவ தடுக்கப் போகலக்கா.
ரோட்டோரமா போயி நின்னுக்கிட்டேன்.
விழுந்த ஒடனே தலைய மடியில எடுத்து வச்சேன்.
பேரு கேட்டேன். சொன்னாரு."

என்ன பேரு, என்றேன்.

அவன் சொன்னான்.
பழக்கதோஷத்தில் அதையும்
காலி ட்யூப் ஒன்றில் எழுதிவிட்டேன்.
டீ ஆறிக்கொண்டிருக்கிறது, முதல் தடவையாக.